ஒட்டுத் தெரியாமல் ஒட்டும் வித்தை

வீடியோவில் காட்சிகளை இணைக்கும் கலையைக் கற்க இன்று ஸ்டூடியோ வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைப்பதால் வித்தையும் இலவசமாக வந்துவிடாது. காளஹஸ்தியை முன்வைத்து ஒரு பாடம்.

காளஹஸ்திக் கோயிலின் ராஜகோபுரம் இரண்டு முறை கட்டப்பட்டது. 1516-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏழு நிலைக் கோபுரம் ஐந்நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக நின்று, 2010 மே 26-ம் தேதி இரவு சரிந்து இடிபாடுகளாகக் குவிந்தது. விரிசல்கள் முன்பே தென்பட்டு, சுற்றியிருந்தவர்கள் அப்புறப்படுத்தப்பட்டதால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. அதே இடத்தில் எழுந்த புதிய கோபுரத்துக்கு 2017-ல் குடமுழுக்கு நடந்தது.

மூன்றாவது முறை கட்டுவதற்குக் கல்லும் வேண்டாம், ஸ்தபதியும் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், பழைய கோபுரத்தின் தெளிவான புகைப்படம் ஒன்று, இன்றைய தெருவைப் பிடித்த வீடியோ பத்து விநாடி. இவை இருந்தால் விழுந்த கோபுரத்தை மீண்டும் நிறுத்திவிடலாம். வார இறுதியில் உட்கார்ந்தால் சுமாராக நிறுத்தலாம். ஆறு மாதம் பழகினால், பார்ப்பவர் சந்தேகப்படாத அளவுக்கு நிறுத்தலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கம்பாஸிட்டிங் என்ற கலை.

வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நேரங்களில் எடுத்த படங்களை ஒரே காமிரா ஒரே கணத்தில் எடுத்தது போலச் சேர்ப்பதுதான் இதன் வேலை. கோபுரம் புகைப்படத்திலிருந்து வரும். வானம் வேறொரு நாளில் எடுத்ததாக இருக்கும். முன்னால் நடக்கும் பெண்மணி இன்றைய வீடியோவில் இருப்பவர். மூன்றும் ஒரே வெயிலில் நிற்க வேண்டும். வேலை நன்றாக அமைந்தால் வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. பாராட்டுக்கு ஏங்குபவர்களுக்கு இது ஏற்ற துறை அல்ல.

கறுப்பு அட்டைக் காலம்

கம்ப்யூட்டருக்கு வெகு முன்பே இந்தக் கலை பிறந்துவிட்டது. 1898-லேயே பிரான்சில் ஜார்ஜ் மெலியே தன் தலையைத் தானே கழற்றி மேஜைமேல் வரிசையாக வைத்துக் காட்டினார். தமிழில் 1940-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்து டி.ஆர். சுந்தரம் இயக்கிய 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றினார்.

அன்றைய இரட்டை வேடத் தந்திரம் சொல்வதற்கு எளிது. காமிராவை அசையாமல் இறுக்கிவிட வேண்டும். லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, நடிகரை மறுபாதியில் நடிக்கவைக்க வேண்டும். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அட்டையை இந்தப் பக்கம் மாற்றி, அவரையே அடுத்த உடையில் நடிக்கவைக்க வேண்டும். ஃபிலிமின் ஒவ்வொரு பாதியும் ஒருமுறைதான் வெளிச்சம் காணும். காமிரா ஒரு மயிரிழை அசைந்தாலும், நடிகரின் கை நடுக்கோட்டைத் தாண்டினாலும் இரண்டு நடிப்பும் வீண். சரியாக வந்ததா என்பது ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

1957-ல் கே.வி. ரெட்டி தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த 'மாயா பஜார்' இந்தத் தந்திரங்களின் உச்சம். லட்டுகள் தாமே பறந்து கடோத்கஜனின் வாய்க்குள் போவதை இன்றைய குழந்தைகளும் வாய்பிளந்து பார்க்கிறார்கள். அதன் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியிடம் இருந்தவை காமிராவும் விளக்கும் கணக்கும்தான்.

நீலத் திரைக்கு முன்னால் நடிக்கவைத்து, பிறகு நீலத்தை நீக்கும் முறைக்கும் ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. 1940-ல் வெளிவந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்துக்காக லாரி பட்லர் இந்த முறையைக் கையாண்டு ஆஸ்கார் பெற்றார். அதில் பூதத்துடன் வானில் பறக்கும் பையனாக நடித்தவர் சாபு. மைசூர் ராஜ்ஜியத்து யானைப்பாகன் ஒருவரின் மகன்.

காளஹஸ்திக்கே உரிய கதை கண்ணப்பருடையது. வேடுவர் திண்ணன் தன் கண்ணைப் பெயர்த்து லிங்கத்துக்கு அப்பிய கதை. பெரிய புராணம் தமிழருக்குத் தந்த கதை. லிங்கத்தின் கண்ணில் குருதி வடியாமல் இந்தக் கதை இல்லை. எனவே இதைப் படமாக்கிய ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துத் தந்திரத்தைத் தேடவேண்டியிருந்தது. 1954-ல் கன்னட ராஜ்குமார் கண்ணப்பராக நடித்த படம் கன்னடத்திலும் தெலுங்கிலும் வந்தது. 1976-ல் பாபு இயக்கிய 'பக்த கண்ணப்பா'வில் கிருஷ்ணம் ராஜு நடித்தார். 2025-ல் விஷ்ணு மஞ்சு நடித்த 'கண்ணப்பா' வெளிவந்தது. அதன் படப்பிடிப்பில் பெரும்பகுதி நடந்தது நியூஸிலாந்தில். ஏப்ரல் 25-ம் தேதி வரவேண்டிய படம் ஜூன் 27-ம் தேதிதான் வந்தது. தயாரிப்பாளர்கள் சொன்ன காரணம்: விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலை முடியவில்லை. கறுப்பு அட்டைக் காலம் போய்விட்டது. ஆனால் வேலை குறையவில்லை.

படிகாரம் சொல்லும் பாடம்

கம்பாஸிட்டிங் கற்க வருபவரை முதலில் மிரட்டும் சொல் 'ஆல்ஃபா'. கம்ப்யூட்டர் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்து, அந்தப் புள்ளி எவ்வளவு தெரியவேண்டும் என்று குறிப்பதே ஆல்ஃபா. 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் இதைக் கண்டார்கள். 1984-ல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் இதற்கான கணக்கை வகுத்து எழுதினார்கள். 1996-ல் ஆஸ்கார் குழுவின் தொழில்நுட்ப விருது இந்த நால்வருக்கும் கிடைத்தது.

இதே கருத்தை காளஹஸ்தியின் கலம்காரி ஓவியர்கள் வெகுகாலமாகத் துணியில் செய்துவருகிறார்கள். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், மூங்கில் கலத்தால் கறுப்புக் கோடு வரைவார்கள். இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பு அது. அடுத்து, எங்கெல்லாம் சிவப்பு வேண்டுமோ அங்கெல்லாம் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். படிகாரத்துக்கு நிறம் இல்லை. துணியைச் சிவப்புச் சாயத்தில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடத்தில் சாயம் பிடிக்கும். மற்ற இடங்களில் பிடித்துக்கொள்ளாது, அலசினால் போகும். நீலத்துக்கு முறை தலைகீழ்: நீலம் வேண்டாத இடத்தை மெழுகால் மூடுவது மரபு.

ஆல்ஃபா என்பது படிகாரம்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு படம், இன்னொரு படம் எங்கே தெரியலாம் என்று தீர்மானிக்கிறது. மெழுகு என்பது தொழிலில் 'மேட்' எனப்படும் மறைப்பு. கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியால் 1950-களில் காளஹஸ்தியில் பயிற்சி மையம் தொடங்கப்பட்டிராவிட்டால் இந்தத் துணிக்கலை நலிந்தே போயிருக்கும். 2005-ல் இது புவிசார் குறியீடு பெற்றது. 2008-ல் இவ்வூர்க் கலைஞர் ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அடுக்கு அடுக்காகச் சிந்திக்கப் பழகியவர்கள் நிறைந்த ஊர் இது. எந்த வேலை முதலில், எது பிறகு என்ற ஒழுங்கு பிசகினால் துணி கெட்டுவிடும். கம்பாஸிட்டிங்கிலும் அப்படியே.

கோபுரத்தை நிறுத்துவது எப்படி

கற்பவர் கோபுரத்தை நிறுத்த முயல்வதாகவே வைத்துக்கொள்வோம். முதல் விதி: காமிரா அசையக் கூடாது. செல்போனாக இருந்தாலும் ஸ்டாண்டில் பொருத்த வேண்டும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மேகம் கடந்ததும் போன் தானாகவே படத்தைப் பிரகாசமாக்கும். ஒட்டிய கோபுரம் மட்டும் மாறாமல் நிற்கும்.

இரண்டாவது விதி: புகைப்படம் எடுத்த இடத்துக்கு அருகிலேயே நின்று வீடியோ எடுக்க வேண்டும். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் கோபுரத்தின் நிலைகள் ஒரு விதமாகவும், அடியில் நின்று அண்ணாந்து எடுத்ததில் வேறு விதமாகவும் குறுகும். கோணம் பொருந்தாத இரண்டு படங்களை எந்த சாஃப்ட்வேராலும் முழுதாகச் சமாதானப்படுத்த முடியாது. வெயில் திசையும் அப்படியே. காலை நிழல் விழுந்த கோபுரத்தை மாலைத் தெருவில் நிறுத்தினால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ பிசகு என்று பட்டுவிடும்.

இங்கே ஒரு வசதி உண்டு. புதிய கோபுரம் அதே இடத்தில் நிற்கிறது. எந்தப் பக்கம் வெயில், நிழலின் கருமை எவ்வளவு, உச்சியில் வானத்தின் வெளுப்பு எப்படிப் படர்கிறது என்ற எல்லாக் கேள்விக்கும் அதுவே விடை சொல்லும். பழையது புதியதைவிடக் குறுகலாக வரும் இடங்களில் புதியதை அழித்து வானத்தை நிரப்ப வேண்டும். தொழிலில் இதற்குப் பெயர் 'பெயின்ட்'. 1994-ல் 'காதலன்' படத்தின் முக்காலா பாட்டில் பிரபுதேவாவின் தலையும் கைகளும் பாதங்களும் மறைந்து உடை மட்டும் ஆடியது நினைவிருக்கும். அதில் மேலே சேர்த்ததைவிட முக்கியம், மறைத்த இடத்தில் பின்னணியை நிரப்பியது. அந்த ஆண்டின் சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குத்தான்.

மூன்றாவதாக, கோபுரத்துக்கு முன்னால் இருப்பவை: மின்கம்பி, மரக்கிளை, ஆட்டோ, நடப்பவர்கள். இவர்கள் ஒட்டிய கோபுரத்துக்கு முன்னால் தெரியவேண்டும். அதற்கு ஒவ்வொருவரின் வெளிக்கோட்டையும் ஃபிரேம் ஃபிரேமாக வரைய வேண்டும். இதுதான் ரோட்டோ. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் பத்து விநாடிக்கு 240. ஒரு மனிதரை ஒரே கோடாக வரைவது புதியவர்கள் செய்யும் தவறு. தலை, மார்பு, மேல்கை, முன்கை என்று தனித்தனி வடிவங்களாகப் பிரித்து, நகர்வு மாறும் ஃபிரேம்களில் மட்டும் வடிவத்தைத் திருத்தினால் நடுவில் உள்ளவற்றைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும். வேகமாக வீசும் கையின் விளிம்பு காமிராவில் மங்கித்தான் பதியும். வெட்டிய விளிம்பும் அதே அளவு மங்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகு கோபுரம் தெருவில் இருக்கும். ஆனால் ஒட்டிய சுவரொட்டி போல இருக்கும். அங்கேதான் கண்ணுக்கு வேலை. தொலைவில் உள்ள எதுவும் முழுக் கறுப்பாக இருப்பதில்லை. நடுவில் உள்ள காற்றும் தூசியும் நிழலை வெளுக்கச் செய்யும். ஆகவே கோபுர மாடங்களின் கருமையைப் புதிய கோபுரத்து மாடங்களின் கருமையோடு ஒப்பிட வேண்டும். அடுத்து, வீடியோவில் எப்போதும் மெல்லிய மணல் போன்ற துகள் அசைந்துகொண்டே இருக்கும். புகைப்படத்தில் அது உறைந்து நிற்கும். அதைத் துடைத்துவிட்டு, வீடியோவில் உள்ள அளவுக்கு அசையும் துகளைச் சேர்க்க வேண்டும். கருமை, விளிம்பு, துகள் மூன்றும் பொருந்தினால் கோபுரம் திடீரென்று தெருவுக்குள் போய் நின்றுகொள்ளும்.

இது முடிந்தபிறகே அசையும் காமிராவுக்குப் போகலாம். அதற்கு டிராக்கிங் வேண்டும். காட்சியில் நன்கு தெரியும் சில புள்ளிகளை ஒவ்வொரு ஃபிரேமிலும் பின்தொடர்ந்து, காமிரா எப்படி நகர்ந்தது என்று சாஃப்ட்வேர் கணக்கிடும். அந்த நகர்வை ஒட்டிய படத்துக்கும் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே அசையும். காமிரா நின்ற இடத்திலிருந்து திரும்பினால் வேலை சுலபம். அதுவே நடந்துகொண்டு எடுத்தால் அருகில் உள்ளவை வேகமாகவும் தொலைவில் உள்ளவை மெதுவாகவும் நகரும். அப்போது முப்பரிமாணக் கணக்கு தேவைப்படும்.

கறுப்பு விளிம்பின் மர்மம்

புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஒட்டிய பொருளைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. விளிம்பில் உள்ள புள்ளி பாதி கோபுரம், பாதி வானம். அதன் நிறத்தை ஆல்ஃபாவால் ஒருமுறை பெருக்கினால் சரி. சில படங்கள் பெருக்கிய நிலையிலேயே வந்து சேரும். அது தெரியாமல் மறுபடியும் பெருக்கினால் பாதி கால் ஆகி, விளிம்பு இருண்டுவிடும். படம் பெருக்கியதா பெருக்காததா என்று சாஃப்ட்வேரிடம் சரியாகச் சொன்னால் கோடு மறையும். நிறத்தைத் திருத்துவதாக இருந்தால், பெருக்கலை நீக்கிவிட்டுத் திருத்தி, மறுபடி பெருக்க வேண்டும்.

இன்னொன்று வெளிச்சக் கணக்கு. வீடியோவில் பதிவாகும் எண் ஒளிக்கு நேர் விகிதத்தில் இருப்பதில்லை. 255 முழு வெளிச்சம் என்றால் 128 பாதி வெளிச்சம் அல்ல. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். இந்த எண்களை அப்படியே கூட்டினால் தீபத்தின் ஒளியும் புகையும் மங்கலான விளிம்பும் செயற்கையாகத் தெரியும். எண்களை உண்மையான ஒளி அளவுக்கு மாற்றி, அங்கே கூட்டி, கடைசியில் திரைக்கேற்ப மாற்றுவதே முறை. தேர்ந்த ஸ்டூடியோக்களில் இது பழக்கமாகிவிட்டது. புதியவர்கள் இதைச் செய்வதற்கு ஒரு பொத்தானை மாற்றினால் போதும். எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பச்சைத் திரையிலும் இதே கதை. துணி ஒன்றைக் கட்டி, முன்னால் ஆளை நிறுத்தினால் முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. காமிராவின் சில்லில் பாதிப் புள்ளிகள் பச்சையை மட்டும் பிடிப்பவை. 1976-ல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. எனவே பச்சை மிகத் தெளிவாகப் பதிகிறது; மனிதத் தோலின் நிறத்திலிருந்தும் விலகி நிற்கிறது. ஆனால் சாதாரண செல்போன் வீடியோ, இடத்தைச் சேமிப்பதற்காக நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத்தைத்தான் எழுதிவைக்கிறது. தலைமுடியின் ஓரம் படிப்படியாக வெட்டுப்படுவதற்குக் காரணம் இதுதான். சாஃப்ட்வேரின் குறை அல்ல. துணி சுருக்கமில்லாமல் ஒரே சீரான வெளிச்சத்தில் இருக்க வேண்டும். ஆள் அதிலிருந்து ஆறேழு அடியாவது தள்ளி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பச்சை தோளிலும் கன்னத்திலும் கசியும்.

அடுக்கா, வாய்க்காலா?

சாஃப்ட்வேர்கள் இரண்டு குலம். 1993-ல் வந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அடுக்கு முறை. ஜவுளிக்கடையில் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போல, மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். விளம்பரம், எழுத்து அசைவு, சிறு வீடியோக்களுக்கு ஏற்றது. நியூக், ஃப்யூஷன் ஆகியவை வாய்க்கால் முறை. ஏரித் தண்ணீர் மடைமடையாகப் பிரிந்து வயல்களுக்குப் போவதைப் போல, படம் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு மாற்றத்தைப் பெற்று அடுத்ததற்குப் பாயும். முதலில் குழப்பும். ஐம்பது துண்டுகள் கொண்ட காட்சிக்கு இதுவே தெளிவு. பெரிய படங்களின் ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் நியூக்கையே பயன்படுத்துகின்றன.

கற்பவருக்குப் பணம் தடையல்ல. ஃப்யூஷன், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்புக்குள்ளேயே 2018 முதல் இருக்கிறது. பிளெண்டர் முழுக்க இலவசம். கம்பாஸிட்டிங் வசதியும் அதில் உண்டு. வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதவர்களுக்கு நியூக்கின் இலவசப் பதிப்பு 2015-லிருந்து கிடைக்கிறது. பயிற்சிக்கு நல்ல காட்சிகள் வேண்டுமானால், பிளெண்டர் அமைப்பு 2012-ல் எடுத்த 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' குறும்படத்தின் பச்சைத்திரைக் காட்சிகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டீவ் ரைட், ரான் பிரிங்க்மன் ஆகியோர் எழுதிய நூல்கள் இந்தத் துறையின் அரிச்சுவடிகள். சாஃப்ட்வேர் பதிப்புகள் பலமுறை மாறிய பிறகும் அவை பழசாகவில்லை. காரணம், அவை பொத்தானைப் பற்றிப் பேசுவதைவிட ஒளியைப் பற்றி அதிகம் பேசுகின்றன.

உண்மையான தடை மொழிதான். பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. மேட், ஸ்பில், பிளேட் போன்ற சொற்களுக்கு அகராதிப் பொருளை வைத்துக்கொண்டு எதுவும் புரியாது. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் தன் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு 'உயிர்ப்பூட்டல் மற்றும் காட்சிப்பயன்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. பெயரோடு நிற்காமல் பாடமும் அப்படி வந்தால் தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் பாதித் தயக்கம் தீரும். அதுவரை, கற்ற ஒவ்வொரு சொல்லையும் தன் மொழியில் ஒரு நோட்டில் விளக்கி எழுதிவைப்பது நல்ல பழக்கம். விளக்க முடியாத சொல் இன்னும் புரியாத சொல்.

வேலை எங்கே இருக்கிறது?

காளஹஸ்தியிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரப் பயணம். ஹைதராபாத் ஒரு இரவுப் பயணம். இரண்டும் விஷுவல் எஃபெக்ட்ஸ் நகரங்கள். 'மகதீரா', 'எந்திரன்', 'நான் ஈ'யின் தெலுங்கு வடிவமான 'ஈகா', 'பாகுபலி' என்று 2009-க்கும் 2015-க்கும் இடையில் வந்த தென்னிந்தியப் படங்கள் சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருதைப் பெற்றன. அவற்றைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை, வீட்டில் கடன் வாங்கியாவது பயிற்சி வகுப்பில் சேர நினைக்கிறது.

அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு தேதிகள் உண்டு. 2013 பிப்ரவரி: புதுச்சேரியில் ஒரு பகுதி படமான 'லைஃப் ஆஃப் பை'யின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. அதே மாதத்தில் அந்தப் படம் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கார் வாங்கியது. 2025 பிப்ரவரி: உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான டெக்னிகலர் குழுமம் நிலைகுலைந்தது. பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். ஒப்பந்தத் தொகையை முன்பே முடிவுசெய்துவிட்டு, திருத்தங்களை மட்டும் முடிவில்லாமல் கேட்கும் தொழில் இது. விருது வாங்கும் வேலைக்கும் லாபத்துக்கும் இங்கே சம்பந்தமில்லை.

மூன்றாவது அபாயம் சத்தமில்லாமல் வருகிறது. இந்திய இளைஞர்கள் இந்தத் துறைக்குள் நுழைந்த வாசல் ரோட்டோவும் பெயின்ட்டும். ஹாலிவுட் படங்களுக்கான இந்த வேலைகள் ஃபிரேம் கணக்கில் இந்தியாவுக்கு வந்தன. இப்போது ஆளின் வெளிக்கோட்டைத் தானே வெட்டித்தரும் கருவிகள் எல்லா சாஃப்ட்வேரிலும் வந்துவிட்டன. 2023-ல் மெட்டா நிறுவனம் வெளியிட்ட கருவி, படத்தில் ஒரு பொருளைச் சுட்டிக்காட்டினால் பிரித்துத் தருகிறது. அடுத்த ஆண்டு வந்த பதிப்பு வீடியோவிலும் அதையே செய்தது. தலைமுடி, புகை, கண்ணாடி, வேக அசைவு ஆகியவற்றில் இந்தக் கருவிகள் இன்னும் தடுமாறுகின்றன. ஆனால் வாசல் குறுகிவருகிறது என்பதில் சந்தேகமில்லை.

அப்படியானால் ரோட்டோ பழகுவதே வீணா? இல்லை. கருவி வெட்டித் தந்த விளிம்பு சரியா என்று சொல்ல, கையால் ஆயிரம் விளிம்பு வெட்டிய கண் வேண்டும். கணக்குப் போடும் மெஷின் வந்த பிறகும் வாய்ப்பாடு தெரிந்தவரைத்தான் கடைக்காரர் கல்லாவில் உட்காரவைக்கிறார். பிழை எங்கே என்று தெரிந்தவருக்கு வேலை இருக்கும். பொத்தானை மட்டும் தெரிந்தவருக்கு, அடுத்த பதிப்பு வரும்வரைதான்.

எனவே புதியவருக்குச் சொல்லக்கூடிய யோசனைகள் எளியவை. பெரும் தொகை கட்டும் முன் அந்த வகுப்பின் பழைய மாணவர்கள் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர்களை அல்ல. முதல் இரண்டு மாதம் பறக்கும் டிராகனும் வெடிக்கும் காரும் வேண்டாம். நடந்துபோகும் ஒருவரை இரண்டு விநாடிக்கு ரோட்டோ செய்யலாம். கடைப் பலகையில் உள்ள பெயரை மாற்றலாம். மின்கம்பியை அழிக்கலாம். ஒரு ஜன்னலுக்கு வெளியே வேறு வானத்தை வைக்கலாம். செய்ததைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் வெளிச்சப் பிழை தெரியும். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாற்றினால் பழகிய கண் மீண்டும் புதிதாகும். வேலை தேடும்போது காட்டும் தொகுப்பு ஒரு நிமிடம் இருந்தால் போதும். அதில் சேர்ப்பதற்கு முன்பும் பின்பும் காட்சி எப்படி இருந்தது என்பது தெரியவேண்டும்.

பொய்க்கும் கலைக்கும் நடுவில்

இந்தக் கலை கைக்கு வந்தவுடன் எழும் கேள்வி ஒன்று உண்டு. நிற்கும் கோபுரத்தை விழவைப்பதும் இதே வித்தைதான். ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் கோயிலூரில் அப்படியொரு பத்து விநாடி வீடியோ போன்களில் பரவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 நவம்பரில் ஒரு நடிகையின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திய வீடியோ நாடெங்கும் பரவியது. அடுத்த ஜனவரியில் அதற்காக டெல்லி போலீஸ் ஓர் இளைஞரைக் கைதுசெய்தது ஆந்திராவின் குண்டூர் பகுதியில். அவர் பயன்படுத்தியது தானியங்கிக் கருவி. ஆனால் விளிம்பும் தோல் நிறமும் பொருந்தவேண்டும் என்ற கணக்கு அங்கேயும் அதேதான்.

சினிமாவில் பார்ப்பவர் ஏமாறுவதற்குச் சம்மதித்து டிக்கெட் வாங்குகிறார். செய்தி போலப் பரவும் வீடியோவில் அந்தச் சம்மதம் இல்லை. கலைக்கும் பொய்க்கும் நடுவிலான கோடு அதுதான். விழுந்த கோபுரத்தை மீண்டும் நிறுத்தும் பயிற்சி வீடியோவின் ஓரத்தில், இது கம்ப்யூட்டரில் சேர்த்தது என்று ஒரு வரி எழுதிவைப்பதால் வித்தையின் மதிப்பு குறையாது. சொல்லப்போனால், அந்த வரியைப் படித்தபிறகும் ஒட்டு எங்கே என்று பார்ப்பவர் தேடினால், கற்பவர் தேறிவிட்டார் என்று பொருள்.